அசையாமல் நிற்கிற ஆள்

ஜனவரி 9

அக்காவுக்கு,

பார்சல் வந்து சேர்ந்திருக்கும். நெகட்டிவ்களை அட்டைக்கு நடுவுல வச்சுக் கட்டியிருக்கேன். வழக்கம்போல கத்தியை உள்ளே விட்டுக் கிழிச்சுடாதே. ஸ்டூடியோவுக்கு நெகட்டிவ்வைத் திருத்தி டச்சிங் பண்றதுல நீ கெட்டிக்காரி, பார்சல் பிரிக்கிறதுல மகா மோசம்.

இந்த ஊர்ல மணிக்கூண்டு மேல ஏறி எடுத்தேன். காவலாளி சாவி தர மாட்டேன்னு அடம் பிடிச்சார். காலண்டர் கம்பெனி கொடுத்த கடிதத்தைக் காட்டினேன், மனுஷன் மசியலை. கடைசியில உங்க குடும்பத்தை நிக்க வச்சு ஒரு படம் எடுத்துத் தர்றேன்னு சொன்னேன், சாவி பறந்து வந்தது. படிக்கட்டு பூரா புறா எச்சம். மேலே போய் மூக்கைத் துடைச்சுக்கிட்டு நின்னா, அடேங்கப்பா, ஊரே உள்ளங்கையில இருக்கு. மணி அடிக்கிறப்ப மட்டும் காதைப் பொத்திக்கிட்டு உட்கார்ந்துடுவேன். அந்த அதிர்வுல கேமரா ஆடிடும்.

கம்பெனிக்காரங்க இந்தத் தடவையும் அதையேதான் கேட்கறாங்க. ஊர் முழுசும் தெரியணும், ஊர்ல ஒருத்தரும் தெரியக் கூடாது. தெரு கழுவி விட்ட மாதிரி இருக்கணுமாம். கழுவியாச்சு. லென்ஸ் முன்னாடி அந்தக் கறுப்புக் கண்ணாடியை மாட்டி, கால் மணி நேரம் திறந்து வச்சேன். நடக்கிறவன், ஓடுறவன், வண்டி, சைக்கிள் எல்லாம் போயே போச்சு. சந்தை நாள் வேற, கீழே முண்டியடிக்கிறாங்க. பிலிம்ல பார்த்தா ஈ காக்கா கிடையாது. எவனாவது அவ்வளவு நேரமும் ஆடாம அசையாம நின்னாத்தான் பிலிம்ல தங்குவான். இந்தக் காலத்துல யாருக்கு அப்படி நிக்க நேரம் இருக்கு?

நீ அடுத்து என்ன எழுதுவேன்னு எனக்குத் தெரியும், அதனால முன்கூட்டியே சொல்லிடறேன். வீட்டுக்கு வர மாட்டேன். அம்மா போய் எல்லாம் முடிஞ்சப்புறம் நான் வந்து வாசல்ல நின்னேனே, தெருவே வேடிக்கை பார்க்க அப்பா என்ன சொன்னார்? 'இனிமே என் கண்ணுல படாதே.' தந்தி கொடுக்கறதை ஒரு நாள் தள்ளிப் போட்டது யாரு? அம்மா எழுந்து உட்கார்ந்துடுவாங்கன்னு அவரா நினைச்சுக்கிட்டார். நான் அடிச்சுப் பிடிச்சு ஓடி வந்தும் அம்மா முகத்தைப் பார்க்கக் கொடுத்து வைக்கலை. பழி மட்டும் எனக்கு. சரி, படாதேன்னார், படலை. நான் எல்லாரையும் பார்க்கலாம், என்னை ஒருத்தரும் பார்க்க முடியாது. இதைவிட எனக்குத் தோதான வேலை இருக்கா, சொல்லு?

நீ நேரத்துக்குச் சாப்பிடறியா? மூக்குக்கண்ணாடியை மாத்தச் சொன்னேனே, மாத்தினியா?

அடுத்த ஊர் லாட்ஜ் விலாசத்தைப் பின்பக்கம் எழுதியிருக்கேன்.

தம்பி


ஜனவரி 21

குரங்குத் தம்பிக்கு,

பார்சலைக் கத்தரிக்கோலால பிரிச்சேன். கத்தியால இல்லை. போதுமா?

படமெல்லாம் நல்லா வந்திருக்கு. ஸ்டூடியோ முதலாளி பார்த்துட்டு ஒண்ணும் சொல்லலை. அவர் ஒண்ணும் சொல்லலைன்னா பிடிச்சிருக்குன்னு அர்த்தம், உனக்குத்தான் தெரியுமே. மணிக்கூண்டுலேருந்து தெற்குப் பக்கம் எடுத்த நெகட்டிவ்ல மட்டும் ஒரு ஆள் மறையலை. வீடுகளுக்கு நடுவுல ஒரு மொட்டை மாடி, அதுல கடுகு மாதிரி நின்னுக்கிட்டிருந்தார். கடுகா இருந்தாலும் அப்படி ஒரு தெளிவு, துளிகூட ஆடலை. கம்பெனிக்கு ஆள்தான் ஆகாதே. பிளேடு முனையால சுரண்டி, பென்சிலால அடைச்சுட்டேன்.

இப்ப நான் சொல்றதைக் கேளு. அப்பா பேரைப் பார்த்ததும் கடிதத்தை மடிச்சு வச்சுடாதே. அவருக்குக் கண்ணு போய்க்கிட்டிருக்கு. கண் நரம்பு பட்டுப் போகுதுன்னு டாக்டர் சொல்றார், மருந்து கிடையாதாம். ஓரமெல்லாம் இருட்டிடுச்சு, நடுவுல மட்டும் குழாய் வழியா பார்க்கிற மாதிரி கொஞ்சம் தெரியுது. அதுவும் இந்தக் கோடையைத் தாண்டாதாம். துறைமுகத்துல முப்பது வருஷம் கிரேன் உச்சியில உட்கார்ந்து, கீழே நிக்கிறவன் காட்டற விரலைப் பார்த்துச் சரக்கு இறக்கின மனுஷன். இன்னிக்கு டம்ளரைத் தடவித் தடவி எடுக்கறார். பார்க்கச் சகிக்கலை.

வாயைத் திறந்து எதையும் கேட்க மாட்டார். உனக்கு அந்த வீம்பு வேற எங்கேருந்து வந்தது? ஆனா போன வாரம் கேட்டுட்டாருடா. 'முழுசா அணையறதுக்குள்ள அவன் முகத்தை ஒரு தடவை பார்த்துடணும்.' அவ்வளவுதான் சொன்னார், சொல்லிட்டுச் சுவர் பக்கம் திரும்பிக்கிட்டார். நான் சமையலறைக்குப் போய் அழுதேன்.

தினம் காலையில மொட்டை மாடிக்குப் போறார். புருவத்து மேல கையை வச்சுக்கிட்டு எங்கேயோ தூரத்துல பார்த்துக்கிட்டு நிக்கறார். பக்கத்துல இருக்கிற என் முகமே சரியாத் தெரியாதவர் தூரத்துல என்னத்தைப் பார்க்கறாரோ.

இன்னொண்ணும் சொல்லணும், சிரிக்காதே. அந்த நெகட்டிவ்வை வீட்டுல வச்சுச் சுரண்டி முடிச்ச கையோட, அவரைச் சாப்பிடக் கூப்பிட மாடிக்குப் போனேன். மாடியில யாருமே இல்லை. தண்ணி டிரம் பின்னாடி பார்த்தேன். கைப்பிடிச் சுவர்லேருந்து எட்டிக் கீழே பார்த்தேன். தெருவுக்கு ஓடி, மூலை வரைக்கும் போய்த் தேடிட்டுத் திரும்பி வந்தா, ஹாயா படிக்கட்டுல இறங்கி வர்றார். 'எங்கேப்பா போனீங்க?'ன்னு கத்தினேன். 'இங்கேயேதானே நின்னேன். நீ எனக்கு நேரா வந்து, என்னைத் தாண்டிப் பார்த்துட்டுப் போறே. கண்ணு எனக்குப் போச்சா, உனக்குப் போச்சா?'ங்கறார்.

ஒரு நாள் வந்து தலையைக் காட்டிட்டுப் போடா. உன்னை அவர்கூட இருன்னு சொல்லலை. பார்க்கக் கொடு, அது போதும்.

அக்கா


பிப்ரவரி 5

சுரண்டி அக்காவுக்கு,

இப்ப ஒரு மலை மேல உட்கார்ந்து எழுதறேன். கீழே ஊரு, நடுவுல ஆறு, ஆத்துக்கு ரெண்டு பக்கமும் ஓட்டு வீடு. காத்து பிடுங்கி எறியுது. கேமரா காலுக்கு நடுவுல கல்லு மூட்டை கட்டித் தொங்க விட்டிருக்கேன். எனக்கும் ஒரு மூட்டை கட்டினா தேவலை.

மறையாத ஆளைப் பத்தி எழுதினியே. அதெல்லாம் சகஜம். வெயில் காயறவன், கைப்பிடிச் சுவர்ல சாய்ஞ்சுக்கிட்டுத் தூங்கறவன், பெண்டாட்டிகிட்ட சண்டை போட்டுட்டு மாடியில போய் நிக்கறவன்னு ஊருக்கு ஒருத்தன் இருக்கத்தான் செய்வான். நீ சுரண்டினது சரி.

அப்பா கண்ணு விஷயம். அக்கா, நான் கல்நெஞ்சக்காரன் இல்லை. ஆனா எனக்கு அவரைத் தெரியும். அம்மா இருந்தப்பகூட, நான் ஊருக்குக் கிளம்பற அன்னிக்குத்தான் அவருக்கு நெஞ்சு வலிக்கும், மூட்டு பிடிக்கும். ரயில் போனதும் எழுந்து வெத்திலைக் கடைக்குப் போவார். யாருக்குக் காது குத்தறார்? டாக்டர்கிட்ட நீ நேராப் பேசினியா, அவர் வந்து சொன்னதைக் கேட்டுக்கிட்டியா? அதை முதல்ல எழுது.

எனக்கும் ஒண்ணு உன்கிட்ட சொல்லணும். நீயும் சிரிக்காதே. கறுப்புக் கண்ணாடியை மாட்டித் திறந்து வச்சுட்டா எனக்கு வேலை கிடையாது, சும்மா நிக்கணும். இத்தனை வருஷமா அதுதான் எனக்குப் பிடிச்ச நேரம். கொஞ்ச நாளா அந்த நேரத்துல முதுகுல குறுகுறுன்னு இருக்கு, யாரோ பார்க்கிற மாதிரி. திரும்பினா பாறையும் புதரும்தான். முதுகுக்குப் பின்னாடி இல்லை, கீழே எங்கேயோ இருந்து பார்க்கறாங்கன்னு நேத்துதான் புரிஞ்சது. ஆனா அவ்வளவு பெரிய ஊர்ல எங்கே போய்த் தேடறது?

சரியாச் சாப்பிடாததால வந்த கிறுகிறுப்பா இருக்கும். பார்சல் நாளைக்குக் கிளம்புது.

தம்பி


பிப்ரவரி 20

தம்பிக்கு,

டாக்டர்கிட்ட நேராத்தான் பேசினேன். அவர் முன்னாடி உட்கார்ந்து ரெண்டு காதாலயும் கேட்டேன். நடிக்கறாராம்! நேத்து அடுப்புல கையை வச்சுக்கிட்டாரு, அதுவும் நடிப்பா? நாக்கு கூசலையாடா உனக்கு?

திட்டு அவ்வளவுதான். இனிமே சொல்றது வேற. எழுத உட்கார்ந்து மூணு தாளைக் கிழிச்சுப் போட்டுட்டேன்.

மலை மேலேருந்து எடுத்த படத்துலயும் அந்த ஆள் நிக்கறார்.

அதே ஆள். முதல்ல நம்பலை. இருட்டறைக்கு எடுத்துட்டுப் போய் அந்த மூலையை மட்டும் பெரிசு பண்ணிப் பிரிண்ட் போட்டேன். அரைக்கைச் சட்டை. புருவத்து மேல வலது கை. இடது முட்டி வலிக்கிறவர் நிக்கிற மாதிரி ஒரு பக்கமா சாய்ஞ்சு நிக்கறார். அப்புறம் மாடியைப் பார்த்தேன். கைப்பிடிச் சுவர்ல ஒரு மூலை உடைஞ்சிருக்கு. தண்ணி டிரம் இருக்கு. கொடியில ஒரு படுக்கை விரிப்பு காயுது, அதுல இஸ்திரிப் பெட்டி சுட்ட முக்கோணக் கறை. அந்த விரிப்பைச் சுட்டது நான்தான். அம்மா அன்னிக்கு என்னை விளாசினாங்களே, மறந்துட்டியா? கறை எந்த மூலையில இருக்கும்னு தூக்கத்துல கேட்டாலும் சொல்லுவேன்.

அது நம்ம மொட்டை மாடிடா. நீ இருக்கிற ஊருக்கும் நமக்கும் ரெண்டு நாள் ரயில். அங்கே எப்படி நம்ம மாடி இருக்கும்? நம்ம வீட்டுக்குப் பக்கத்துல இருக்கிற வீடுங்க எதுவும் படத்துல இல்லை. ஓட்டு வீடுகளுக்கு நடுவுல நம்ம வீடு மட்டும் போய் உட்கார்ந்திருக்கு.

இந்தத் தடவை நான் சுரண்டலை. போன தடவை சுரண்டின அன்னிக்கு என்ன ஆச்சுன்னு ஞாபகம் வந்தது. பிளேடைத் தூக்கிப் பரண்ல போட்டுட்டேன். இப்படியே கொடுத்தா முதலாளி கத்துவார், கத்தட்டும்.

சாயந்திரம் அப்பாகிட்ட பேச்சுக் கொடுத்தேன். 'மாடியில நின்னு எதைப்பா பார்க்கறீங்க?' கொஞ்சம்கூட யோசிக்கலை. 'அவனைத்தான். போன மாசம் மணிக்கூண்டுல நின்னான். இப்ப மலை மேல நிக்கறான். காத்து பலமா அடிக்குது, முட்டாப்பய, விளிம்புல நிக்கறான்.'

உன் கடிதம் ஒண்ணையும் நான் அவருக்குப் படிச்சுக் காட்டினதில்லை. அம்மா மேல சத்தியம்.

வந்துடு. எனக்கு இந்த வீட்டுல தனியா இருக்கப் பயமா இருக்கு.

அக்கா


மார்ச் 6

அக்கா,

உன் கடிதத்தைப் படிச்சுட்டு எனக்குக் கோபம் தலைக்கு ஏறிடுச்சு. அப்பனும் மகளும் சேர்ந்து கூட்டா? என்னை வரவழைக்கறதுக்கு இப்படி ஒரு கதையா? மாடின்னா டிரம் இருக்கும், கொடி இருக்கும், துணி காயும். மலை, மணிக்கூண்டுன்னு அவருக்கு யார் சொன்னாங்க? நீதான் தூக்கத்துல உளறியிருப்பே. இப்படியெல்லாம் பதில் எழுதி வச்சேன். நல்லவேளை, அன்னிக்குத் தபால்ல போடலை. அதைக் கிழிச்சுட்டு இதை எழுதறேன்.

இந்த ஊர்ல பாதி கட்டி நிக்கிற ஒரு பெரிய கட்டடம் இருக்கு. மேஸ்திரி தங்கமான மனுஷன், உச்சி வரைக்கும் விட்டார். சுவர் இல்லை, வெறும் தூணும் கம்பியும். சாமான் தூக்கற கூண்டுல நானும் கேமராவும் சிமெண்ட் மூட்டையும் ஒண்ணா மேலே போனோம். 'கீழே பார்க்காதீங்க சார்'ன்னாங்க. என் பொழப்பே கீழே பார்க்கறதுதான்னேன், எல்லாரும் சிரிச்சாங்க.

மேலே போய், நீ சொன்னது பொய்னு காட்டணும்கிற வேகத்துல, தூரத்து லென்ஸை மாட்டி ஒவ்வொரு மாடியா பார்த்துக்கிட்டே வந்தேன். இருந்தது, அக்கா. உடைஞ்ச மூலை. டிரம். கொடியில உன்னோட பச்சைப் புடவை.

அப்பா நின்னார். அப்பா இல்லை, எவனோ ஒருத்தன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். என்ன தோணிச்சோ, கையைத் தூக்கி ஆட்டினேன். அந்தத் தூரத்துல நான் ஒரு புள்ளிகூட இல்லை. புருவத்து மேல இருந்த கையை அவர் கீழே இறக்கினார். ரெண்டு அடி முன்னால வந்து, சுவரைப் பிடிச்சுக்கிட்டு நின்னார். கேமராவைக்கூட மடிக்காம அப்படியே தூக்கிக்கிட்டுக் கூண்டுல ஏறி இறங்கிட்டேன்.

நான் இதை நம்பத் தயாரா இல்லை. ஒரே ஒரு காரியம் பண்ணு. வர்ற பதினஞ்சாம் தேதி காலையில மாடிக் கதவைப் பூட்டு. அப்பாவைக் கட்டில்லேருந்து எழுந்திருக்க விடாதே. நீ பக்கத்துலயே இரு. அந்த நேரத்துல நான் இங்கேருந்து படம் எடுத்து அனுப்பறேன். மாடி காலியா இருந்தா, நாம ரெண்டு பேரும் ஒரு நல்ல டாக்டரைப் பார்ப்போம்.

தம்பி


மார்ச் 23

தம்பிக்கு,

நீ சொன்ன மாதிரியே செஞ்சேன். மாடிக் கதவைப் பூட்டிச் சாவியைக் கையில வச்சுக்கிட்டேன். அப்பாவுக்கு லேசா காய்ச்சல்னு சொல்லிப் போர்த்திப் படுக்க வச்சேன். 'எனக்கு ஒண்ணும் இல்லையே'ன்னார். அப்புறம் அடங்கிட்டார். நான் கட்டில் பக்கத்துலயே நின்னேன். உட்காரக்கூடத் தோணலை. எதுக்கோ காத்துக்கிட்டு மூச்சைப் பிடிச்ச மாதிரி நின்னேன்.

கண்ணை மூடிப் படுத்திருந்தவர் மெதுவா வலது கையைத் தூக்கிப் புருவத்து மேல வச்சுக்கிட்டார். மூடின கண்ணு மூடினபடி. வச்ச கையை எடுக்கவே இல்லை. 'இன்னிக்குக் கிட்டத்துல இருக்கான்'னார்.

இன்னிக்குக் காலையில உன் நெகட்டிவ் வந்தது. பிரிண்ட் போடறதுக்கு முன்னாடி கொஞ்ச நேரம் அதைத் தொடாம உட்கார்ந்திருந்தேன்.

அப்பா நிக்கறார். கையைப் புருவத்துல வச்சுக்கிட்டு. அவருக்குப் பக்கத்துல ஒரு பொம்பளை நிக்கறா. கையில எதையோ இறுக்கிப் பிடிச்சிருக்கா. பெரிசு பண்ணிப் பார்த்தேன், சாவி. நான்தாண்டா அது. அன்னிக்கு நான் கட்டியிருந்த புடவை, பின்னாம விட்டிருந்த தலை. நான் வீட்டுக்குள்ள கட்டில்கிட்ட நின்னேன், அசையாம நின்னேன், படத்துல அங்கே மாடியில பதிஞ்சிருக்கேன். என் முகத்தைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கலை. யாரோ ஒருத்தியைப் பார்க்கிற மாதிரி இருந்தது.

இப்ப எனக்குப் பயமெல்லாம் போயிடுச்சு. பயந்து என்ன ஆகப் போகுது? டாக்டர் நேத்து வந்தார். அந்தக் குழாய்ப் பார்வையும் ஊசித்துளை ஆயிடுச்சு, இன்னும் ரெண்டு வாரமோ மூணு வாரமோதான்னுட்டார். அப்பா அவரைப் பார்த்து, 'பரவாயில்லை டாக்டர், அதுக்குள்ள வந்துடுவான்'னு ஆறுதல் சொல்றார்.

நீ ரயில் ஏறி வர்ற வரைக்கும் அந்தக் கண்ணு தாங்குமான்னு தெரியலை. நீ நிக்கிற ஊர்லதானே அந்த மாடி இருக்கு? மேலே நின்னு பார்த்தது போதும். இறங்கு. அந்த வீட்டைத் தேடிப் போ. போய் அவர் முன்னாடி நில்லு. பைத்தியக்காரத்தனம்தான். ஆனா இதுல எதுதான் புத்தியோட நடக்குது?

அக்கா


ஏப்ரல் 1

அக்கா,

நேத்துப் போனேன்.

மேலேருந்து பார்த்தா நேர் வழி, தெளிவாத் தெரிஞ்சது. கோயில் கோபுரமோ கொடிக்கம்பமோ இல்லாத ஊர், ஆனா ஒரு சிவப்புக் கட்டடம், அதுக்குப் பின்னாடி சந்து, சந்து முடிவுல வீடு. தாள்ல வரைஞ்சுகூட எடுத்துக்கிட்டேன். கீழே இறங்கினா ஒண்ணுமே பிடிபடலை. எல்லாச் சந்தும் ஒரே சந்து மாதிரி இருக்கு. இத்தனை ஊரை மேலேருந்து எடுத்திருக்கேனே, ஒரு ஊர்லயாவது நான் தெருவுல நடந்திருக்கேனான்னு யோசிச்சேன். லாட்ஜ், ரயிலடி தவிர எனக்கு எந்த ஊரும் தெரியாது.

சைக்கிள் கடைக்காரர்கிட்ட கேட்டேன். 'மாடியில ஒரு பெரியவர் நின்னுக்கிட்டே இருப்பாரே, அந்த வீடா?'ன்னார். கையைக் காட்டிவிட்டார். நம்ம வாசல். நம்ம கதவு. திறந்தே இருந்தது. உள்ளே உன் மருந்து வாடை, அதான் நீ பிலிம் கழுவற மருந்து. 'அக்கா'ன்னு கூப்பிட்டேன். பதில் இல்லை. சமையலறையில அடுப்பு மேல பால் பொங்கி வழியற நிலையில இருந்தது, வழியலை, அப்படியே நின்னுச்சு. நான் அதைப் பார்த்துக்கிட்டு நிக்காம மாடிப்படி ஏறிட்டேன்.

எனக்கு முதுகைக் காட்டி நின்னுக்கிட்டிருந்தார். எவ்வளவு இளைச்சுட்டார்! சட்டை தோள்ல தொங்குது. திரும்பாமலே 'வந்துட்டியா?'ன்னார். நான் அசையாம அப்படியே நின்னேன், ரொம்ப நேரம் நின்னேன். கால் மணி நேரம், ஒரு படம் பதியற அளவு இருக்கும்.

அப்புறம் அவர் மெதுவாத் திரும்பினார். தலையைக் கொஞ்சம் கொஞ்சமா அசைச்சு என் முகத்தைத் தேடிப் பிடிச்சார். பார்த்தார். அந்தக் கண்ணுல கோபமே இல்லை, அக்கா. அதுதான் என்னால தாங்க முடியலை. திட்டியிருந்தா நின்னிருப்பேன். கையை நீட்டி ஒரு அடி எடுத்து வச்சார், நான் ஓடிட்டேன். படிக்கட்டு, வாசல், சந்து, எதுவும் நினைவில்லை. சிவப்புக் கட்டடத்துகிட்ட வந்துதான் நின்னேன். வெட்கமா போய், உடனே திரும்பி நடந்தேன். அந்தச் சந்துல வீடு இல்லை. சைக்கிள் கடைக்காரர், 'எந்தப் பெரியவர்?'ங்கறார்.

இன்னிக்குக் காலையில கட்டடத்து உச்சிக்குப் போய்ப் பார்த்தேன். வெறும் கூரைங்க.

நான் வர்றேன். வீம்பெல்லாம் போச்சு. அவர் காலைக் கட்டிக்கிட்டு அழணும் போல இருக்கு. ஆனா ஆத்துப் பாலத்துல ஏதோ உடைஞ்சு ரயில் நின்னு போச்சு, இருபதாம் தேதிக்கு மேலதான் விடுவாங்களாம். அதுவரைக்கும் இதே லாட்ஜ்தான். உடனே பதில் போடு. அப்பாவுக்கு இன்னும் தெரியுதான்னு மட்டும் எழுது. நான் வர்ற வரைக்கும் தாங்கச் சொல்லு அக்கா.

தம்பி


ஏப்ரல் 11

தம்பிக்கு,

உன் கடிதம் இப்பதான் வந்தது. வாசல்ல நின்னே படிச்சேன். படிச்சுட்டு உள்ளே போகாம செருப்பு விடற இடத்துலயே உட்கார்ந்து எழுதறேன்.

நீ முப்பத்தொண்ணாம் தேதியே வந்துட்டியேடா.

அன்னிக்குப் பால் பொங்கி வழிஞ்சுடுச்சு. அதைத் துடைச்சுக்கிட்டிருந்தேன். அப்பா மாடிப்படியில இறங்கி வந்தார், ஒரு கையால உன் மணிக்கட்டைப் பிடிச்சுக்கிட்டு. 'பாரும்மா, வந்துட்டான்'னார். அவர் சிரிச்சதைப் பார்த்து எத்தனை வருஷம் ஆச்சு! பையில்லை, கேமரா இல்லை, வாசல் வழியா வந்ததை நான் பார்க்கவும் இல்லை. ஆனா நான் எதையுமே யோசிக்கலை. ஓடிப் போய் உன்னைக் கட்டிக்கிட்டேன். நீ பேசலை. வீம்பு இன்னும் விடலைன்னு நினைச்சேன்.

அன்னிக்குச் சாயந்திரம் வரைக்கும் அப்பா உன் முகத்தையே பார்த்துக்கிட்டிருந்தார். அடுத்த நாள் எழுந்திருக்கறப்ப அவருக்கு ஒண்ணும் தெரியலை. 'பார்த்துட்டேன், போதும்'னார். ஒரு சொட்டுக் கண்ணீர் விடலை. அதுலேருந்து முழிச்சிருக்கிற நேரமெல்லாம் அந்தக் கையை விடறதில்லை. அம்மாவைப் பத்திப் பேசறார். தந்தியைத் தள்ளிப் போட்டது தப்புதாண்டான்னு சொல்றார். நான் சொன்னதை மனசுல வச்சுக்காதேன்னு கெஞ்சறார். ரெண்டு வேளை நல்லாச் சாப்பிடறார். ராத்திரி முனகாம தூங்கறார்.

இப்ப உன் கடிதத்தை வச்சுக்கிட்டு ஜன்னல் வழியா பார்த்தேன். இத்தனை நாள் பார்த்தும் பார்க்காம விட்டதெல்லாம் தெரியுது. உன் தாடையில தழும்பு உண்டு, சின்ன வயசுல கட்டில் கால்ல மோதிக்கிட்டியே. உள்ளே இருக்கிறவன் தாடை வழவழன்னு இருக்கு, நானே உட்கார்ந்து டச்சிங் பண்ணின மாதிரி. அவன் நடந்து நான் பார்த்ததே இல்லை. நாற்காலியில இருப்பான், திரும்பிப் பார்த்தா ஜன்னல்கிட்ட இருப்பான். நடுவுல இருக்கிறதை என் கண்ணு பிடிக்கலை. ஆனா கை சூடா இருக்கு. தொட்டுப் பார்த்திருக்கேன்.

நீ ஓடிப் போனே. ஓடாம நின்னது இங்கே இருக்கு. எனக்கு அப்படித்தான் புரியுது. உனக்கு வேற எப்படியாவது புரிஞ்சா எழுது.

வா வான்னு எழுதி எழுதி என் கை தேய்ஞ்சுது. இப்ப அதே கையால எழுதறேன், வராதே. நீ வந்தா அவன் என்ன ஆவான்னு எனக்குத் தெரியாது. அவன் போயிட்டா, அப்பா வெறும் காத்தைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருப்பார். 'நான் அன்னிக்கு ஓடிட்டேம்பா'ன்னு நீ சொல்லுவே, உனக்குப் பொய் வராது. அதைக் கேட்டுட்டு அவர் உயிரோட இருப்பாரா? உன் வீட்டுக்கு உன்னையே வராதேன்னு சொல்ற பாவி நான். என்னைத் திட்டு, சபிச்சுக்கோ, ஆனா அவர் இருக்கிற வரைக்கும் வராதே. பணம் அனுப்பறேன். கடிதம் ஸ்டூடியோ விலாசத்துக்குப் போடு, வீட்டுக்கு வேண்டாம்.

எழுதி முடிக்கப் போறப்ப உள்ளேருந்து கூப்பிடறான். வந்து இத்தனை நாள்ல இன்னிக்குத்தான் வாயைத் திறக்கறான். அச்சு அசல் உன் குரல். நீ கேட்கிற மாதிரியே, கொஞ்சம் கேலியா, 'அக்கா, யாருக்குக் கடிதம் எழுதறே?'ங்கறான்.

நான் என்னடா சொல்லட்டும்?

அக்கா